டிக்கெட் வாங்காமல் பார்த்த கச்சேரிகள்

(எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன், இரண்டாம் ஆண்டு)



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று வகுப்பில் கேட்டார்கள். "வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல கச்சேரி, ஆப்பரா, கூத்து பற்றி" என்றேன். ஒரே சிரிப்பு. "மைக்ரோபிராசஸர் பற்றி எழுதினால் சாராவது படிப்பார்டா" என்றான் ஒருவன். அவன் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. கச்சேரி என்றால் மயிலாப்பூர், மார்கழி மாதம், முன்வரிசையில் பட்டுப்புடவை, கேன்டீனில் காபி. ஆப்பரா என்றால் கார்ட்டூனில் காட்டுவது போல ஒரு குண்டு அம்மாள் கண்ணாடி டம்ளர் உடையும்படி கத்துவது. இரண்டும் நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறோம்.

திருவிடந்தையில் இருந்து மயிலாப்பூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பஸ் செலவு இருக்கிறது. அரை நாள் போய்விடும். உள்ளே போனால் எங்கே உட்காருவது, எப்போது கை தட்டுவது என்ற கூச்சம் வேறு. எங்கள் அம்மா நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் வாசலில் மாலை கட்டி விற்கிறார்கள். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கூச்சத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். வீட்டில் பார்க்கும்போது அது இல்லை. லுங்கியோடு உட்காரலாம். புரியாத இடத்தை நிறுத்தி மறுபடி ஓட விடலாம். பிடிக்காவிட்டால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம். இந்தச் சவுகரியத்துக்காகப் பார்க்க ஆரம்பித்து, இப்போது இரண்டு வருடமாக விடாமல் பார்க்கிறேன். அதில் நல்லது எது, அதை எப்படிப் பார்த்தால் ருசிக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1902-ஆம் வருடம். பிரெட் கெய்ஸ்பர்க் என்று ஒரு ஒலிப்பதிவுக்காரர், கிராமபோன் கம்பெனி ஆள். அந்த வருடம் ஏப்ரலில் இத்தாலியில் மிலான் நகரத்தில் என்ரிகோ கரூசோ என்ற ஆப்பரா பாடகரைப் பதிவு செய்தார். அதே ஆள் கப்பல் ஏறி கல்கத்தா வந்து, அதே வருடம் நவம்பரில் கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பதிவு செய்தார். அப்போது மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்புக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். அந்த ஓசையின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மின்சார மைக் வைத்துப் பதிவு செய்வது 1925-ல்தான் வந்தது. ஆக, ஐரோப்பாவின் ஆப்பராவும் நம் நாட்டுச் சங்கீதமும் ஒரே வருடத்தில், ஒரே மனிதர் கையில், ஒரே மாதிரிக் கூம்புக்குள் நுழைந்து வந்தவை. "அது அவங்க சங்கீதம், இது இவங்க சங்கீதம்" என்று பிரித்துப் பேசுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். மேடையில் ஒரு பாட்டை அரை மணி நேரம் பாடியவர்கள் எல்லாம் மூன்று நிமிடத்துக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. நாடக மேடையைத் தன் குரலால் ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் இறந்து போனார். இன்றைக்கு அவர் நமக்குக் கிடைப்பது அந்த மூன்று நிமிடத் துண்டுகளில்தான். விடிய விடிய அவர் பாடிய நாடகம் எப்படி இருந்தது என்பது, பார்த்தவர்களோடு போய்விட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது மூன்று மணி நேரப் பதிவு முழுசாகக் கிடைக்கும்போது நாம் முப்பது விநாடி ரீல்ஸ் பார்க்கிறோம். அன்று தட்டில் இடமில்லாமல் வெட்டினார்கள். இன்று நாமே வெட்டிக் கொள்கிறோம்.

எனவே என் முதல் யோசனை, முழுசாக இருப்பதைத் தேடுங்கள். இரண்டாவது யோசனை, தயவு செய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். காரணம் நம்ம பாடத்திலேயே இருக்கிறது. மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுப்பதே, அந்த 20,000-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதியால்தான். பதிவில் எல்லாம் இருக்கிறது. ஆனால் போனில் இருக்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் நகம் அளவு. அவ்வளவு சின்னத் தகடால் தாழ்ந்த ஓசைக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள். எடை கூடினால் அதிர்வு குறையும், ஓசை கனக்கும். அந்தக் கனமான "தொம்" போன் ஸ்பீக்கரில் அநேகமாக வராது. வலது பக்கத்துத் "தீ, நம்" மட்டும் டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். பிறகு "மிருதங்கம் போர்டா" என்று சொல்வோம். நூறு, இருநூறு ரூபாய் இயர்போனே போதும், வித்தியாசம் தெரியும். நான் ஒரு பழைய டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கரைக் கழற்றி, சின்ன ஆம்பிளிபயர் போர்டு ஒன்றில் இணைத்து வைத்திருக்கிறேன். ஆயாவுக்கு அதில்தான் சீரியலும் ஓடுகிறது.

இனி கச்சேரிக்கு வருவோம். கர்நாடகக் கச்சேரியை முதல் தடவை பார்ப்பவருக்கு "மார்கழி ராகம்" என்ற படத்தைச் சொல்வேன். 2008-ல் வந்தது. பாம்பே ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் பாடுகிறார்கள். ஜயேந்திரா டைரக்ஷன், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. கதை கிடையாது, கச்சேரியேதான் படம். அதை சினிமாவுக்குரிய கேமராவும் ஒலிப்பதிவும் வைத்து எடுத்து, தியேட்டரில் வெளியிட்டார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், சபாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தால் தெரியாத ஒன்று இதில் தெரிகிறது. பாடுகிறவர் ஒரு சங்கதியைப் போட்டுவிட்டு வயலின்காரரைப் பார்ப்பார். அவர் அதையே வில்லில் திருப்பிச் சொல்வார். மிருதங்கக்காரர் லேசாகத் தலையாட்டுவார். கிரிக்கெட்டில் பவுலரும் விக்கெட் கீப்பரும் கண்ணால் பேசிக் கொள்வது போல. கச்சேரி என்பது ஒருவர் பாட மற்றவர்கள் பின்னால் வாசிப்பது என்று நினைத்தால் அந்தக் கண்களைக் கவனியுங்கள்.

அடுத்து தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற பகுதி. சபாவில் இந்த நேரம் பார்த்துப் பலர் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள் என்பது பழைய நகைச்சுவை. டிப்ளமோ படிக்கிற நாம் எழுந்து போகக் கூடாத இடம் இதுதான், ஏனென்றால் இது முழுக்க நம்ம டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ். ஆதி தாளம் என்பது 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலில் இருந்து மூன்று விரல். அது 4. பிறகு தட்டு, திருப்பல், தட்டு, திருப்பல். அது 4. மூன்று பிளிப்-பிளாப் வைத்த கவுண்டர் 000-ல் இருந்து 111 வரை போய் மறுபடி 000-க்கு வருகிறதல்லவா, அதே சங்கதி. ஒவ்வொரு எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32. வாசிக்கிறவர் இந்த 32-க்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து முடிக்கும்போது சரியாக முதல் தட்டில் வந்து விழ வேண்டும். உதாரணமாக 10 எழுத்துள்ள ஒரு சொல், இடையில் ஒரு எழுத்து மவுனம், மறுபடி 10, மறுபடி ஒன்று, மறுபடி 10. கூட்டிப் பாருங்கள், 32. அடுத்த எழுத்து தாளத்தின் முதல் தட்டு. நான் சொன்னது பால பாடம். அவர்கள் போடும் கணக்கு இதை விடப் பத்து மடங்கு சிக்கலானது, அதுவும் பேப்பர் பேனா இல்லாமல். விரல் விட்டு எண்ணிக்கொண்டே பாருங்கள். கடைசியில் எல்லாரும் ஒன்றாக வந்து விழும்போது நீங்களே "ஆகா" என்பீர்கள்.

இதற்கு இன்னொரு நல்ல பதிவு, சக்தி குழுவினர் 1976-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் வாசித்தது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம ஊர் விக்கு விநாயக்ராம் கடம். கடம் என்றால் என்ன? சூளையில் சுட்ட பானை. அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வெள்ளைக்காரர் சபையை அசர வைப்பதைப் பார்க்க வேண்டும்.

எம்.எஸ். அம்மா 1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. படம் இல்லையே என்று தள்ளாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்கலாம். பரதநாட்டியத்தில் ஆர்வம் உள்ள தோழிகளுக்கு சத்யஜித் ராய் எடுத்த "பாலா" (1976). பாலசரஸ்வதி அம்மாள் கடற்கரையில் ஆடுவார்கள். பின்னால் அலை, முந்தானை காற்றில் பறக்கிறது. நம்ம கடற்கரையில் தினமும் அடிக்கிற அதே காற்றுதான், ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் அந்த முகம் குழந்தையைக் கூப்பிடுவதைப் பாருங்கள். சுமார் அரை மணி நேரப் படம்தான்.

நம்ம பக்கத்திலேயே எடுத்த ஒரு பதிவும் உண்டு. 2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் உட்கார்ந்து பார்த்த கலாக்ஷேத்ரா நிகழ்ச்சி. டி.வி.யில் நேரடியாக வந்தது. அன்றைக்கு ஈ.சி.ஆர். ரோட்டில் இருந்த கெடுபிடி இந்தப் பக்கத்து மாணவர்களுக்கு மறந்திருக்காது. ரோட்டை விட்டு வீட்டுக்குள் இருந்த நாங்கள் டி.வி.யில் அதைப் பார்த்தோம். நடந்து போகும் தூரத்தில் இல்லாவிட்டாலும் பஸ்ஸில் போகும் தூரத்தில் நடப்பதை!

ஆப்பராவுக்கு வருகிறேன். பயப்படாதீர்கள். ஆப்பரா என்பது பாட்டாலேயே நடத்தும் நாடகம், அவ்வளவுதான். நம்மில் யார் வீட்டிலாவது "வள்ளி திருமணம்" நாடகம் பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தையும் விளக்க வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகத்தில் வள்ளியும் வேடனும் பாட்டிலேயே சண்டை போடுகிறார்கள், பாட்டிலேயே சமாதானம் ஆகிறார்கள். ஹார்மோனியத்துக்குப் பதில் எழுபது, எண்பது பேர் வாத்தியம் வைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் அது ஆப்பரா.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் அசந்து போக வேண்டும். ஆப்பராவில் வழக்கமாக மைக் கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். கீழே அவ்வளவு வாத்தியமும் முழங்கும்போது ஒரு ஆள் குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போகிறது? வாத்தியக் கூட்டத்தின் பலம் எல்லாம் சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஆப்பரா பாடகர் தொண்டையை அமைத்துக்கொள்ளும் விதத்தால் அவர் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழும்புகிறது. அந்த இடத்தில் வாத்தியங்கள் பலவீனம். நம் காதோ அங்கேதான் ரொம்பக் கூர்மை. கூட்டமான பஸ்ஸில் இடித்துக்கொண்டு போகாமல் காலியான படிக்கட்டு வழியாக இறங்குவது மாதிரி. கத்துவதல்ல அது, பில்டர் டிசைன்!

ஆரம்பிக்க ஏற்றது எது? 1990 ஜூலை 7, உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், ரோமாபுரியில் பழைய கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளுக்கு நடுவே பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் பாடிய கச்சேரி. ஆப்பராக்களில் இருந்து ருசியான பாட்டுகளாகப் பொறுக்கிப் பாடினார்கள். திறந்தவெளி என்பதால் இங்கே மைக் உண்டு. கரேராஸ் ரத்தப் புற்றுநோயில் இருந்து பிழைத்து வந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூவரையும் வாத்தியக் குழுவையும் நடத்துகிறவர் யார் தெரியுமா? ஜூபின் மேத்தா, 1936-ல் பம்பாயில் பிறந்தவர்.

முழு ஆப்பரா என்றால் "கார்மென்". பிரான்சு நாட்டு பிஸே இசையமைத்தது, 1875 மார்ச் 3-ல் பாரிசில் அரங்கேறியது. கதாநாயகி சுருட்டு ஆலையில் வேலை செய்யும் பெண். ராணி இல்லை, தேவதை இல்லை, ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளி! முதலில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சரியாக மூன்று மாதம் கழித்து பிஸே இறந்து போனார், வயது 36. இன்று உலகத்தில் மிக அதிகமாக நடத்தப்படும் ஆப்பராக்களில் அது ஒன்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் அரங்குகளை மூடியபோது, மெட்ரோபாலிட்டன் ஆப்பரா தினம் ஒரு பழைய பதிவை இலவசமாக ஒளிபரப்பத் தொடங்கியது. மார்ச் 16 அன்று முதலில் போட்டது கார்மென்தான். நாம் அப்போது ஸ்கூல் மூடிய சந்தோஷத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். இப்போதும் "ஆப்பரா விஷன்" என்ற ஐரோப்பியத் தளத்தில் முழு ஆப்பராக்கள் சில மாதங்களுக்கு இலவசமாக, ஆங்கில எழுத்தோடு வருகின்றன. யூடியூபிலும் உண்டு. ஆங்கிலம் வேகமாக ஓடுகிறதே என்று கவலை வேண்டாம். முதலில் கதையைப் படித்துவிட்டு உட்காருங்கள். கூத்து பார்க்கிறவன் மகாபாரதம் தெரியாமலா உட்காருகிறான்?

அதே பிஸே இருபத்து நான்கு வயதில் எழுதிய "முத்துக் குளிப்போர்" (1863) நம்ம பக்கத்துக் கடலைப் பற்றியது. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவில் நடப்பதாக வைத்துக்கொண்டு, பிறகு இலங்கைக்கு மாற்றினார்களாம்! பெயர்களைப் பாருங்கள்: நாதிர், சுர்கா, லைலா. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த ஜனங்களில் ஒருவருக்கும் அப்படிப் பெயர் இருந்திருக்காது. இதைப் பார்க்கும்போது எங்கள் தெருவில் கட்டுமரம் ஓட்டும் ஒரு சித்தப்பா பக்கத்தில் இருந்தார். "கடலுக்குப் போறவன் இவ்ளோ நகை போட்டுக்கினா போவான்?" என்றார். ஆனால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் அந்தப் பெயர் பெற்ற பாட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மெட்ரோபாலிட்டன் 2016 ஜனவரியில் ஒளிபரப்பிய பதிவில், தொடக்கத்தில் மேடை முழுவதும் கடலாகி, ஆட்கள் மேலிருந்து மூழ்கி நீந்தி வருவார்கள். கயிற்றில் தொங்குகிறார்கள் என்று தெரிந்தும் மூச்சு முட்டுகிறது.

இன்னொன்று "சத்தியாகிரகா". அமெரிக்கரான பிலிப் கிளாஸ் இசையமைத்து 1980-ல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்திஜி நடத்திய போராட்டம்தான் கதை. பாட்டு முழுவதும் சமஸ்கிருதத்தில், பகவத் கீதையில் இருந்து எடுத்த வரிகள். 2011-ல் ஒளிபரப்பான மேடையேற்றத்தில் செய்தித்தாளையும் தகரத்தையும் ஒட்டுநாடாவையும் வைத்தே பிரம்மாண்டமான உருவங்களைச் செய்து நிறுத்துகிறார்கள். மெதுவாகப் போகும், ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். எனக்கு நடுவில் தூக்கம் வந்தது, மறைப்பானேன். இருந்தாலும் தில்லையாடி வள்ளியம்மையும் எத்தனையோ தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் ஜெயிலுக்குப் போன போராட்டம் அது. அதை உலகம் ஆப்பராவாகப் பாடுகிறது என்பதற்காகவே விழித்திருந்து முடித்தேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம கூத்து எங்கே?

ஆப்பராவுக்குச் சொன்ன அத்தனையும் கூத்தில் இருக்கிறது. பாட்டாலேயே கதை. மைக் இல்லாத காலத்தில் வயல்வெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உச்சத்தில் பாடிய குரல். முகவீணை, ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடி ஒட்டியவை. துரியோதனன் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை குதிக்கும், குரல் கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். எந்த நாட்டு அரங்கிலும் கதாபாத்திரத்துக்கு இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததில்லை. கட்டியக்காரன் குறுக்கே வந்து ராஜாவையே கிண்டல் செய்வான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிந்துதான் முடியும். "அர்ச்சுனன் தபசு" அன்று வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் சிற்பத்தை அர்ச்சுனன் என்று சிலரும் பகீரதன் என்று சிலரும் சொல்கிறார்கள். கூத்து பார்த்த எங்கள் ஆயாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

பதிவுகள் இருக்கின்றன. செய்யாறு பக்கம் புரிசைக் கூத்துக் குழுவினரின் பதிவுகளையும், காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். அவை கவனமாக எடுக்கப்பட்டவை. "கர்ண மோட்சம்" கிடைத்தால் விடாதீர்கள். கர்ணன் போருக்குப் புறப்படும்போது பொன்னுருவி தடுக்கும் இடம், அந்த வாக்குவாதம் எந்த ஆப்பராவுக்கும் குறைந்ததல்ல. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவின் பதிவுகளும் உண்டு. பெசன்ட் நகர் மீனவர் குப்பத்தில் கர்நாடகக் கச்சேரியும் பறையாட்டமும் ஒரே மேடையில்.

ஆனால் ஊர் ஊராக நடக்கும் மற்ற கூத்துகளின் பதிவுகள்? யூடியூபில் நிறைய இருக்கின்றன, கேட்கத்தான் முடியவில்லை. காரணம் எளிது. மைக்கைத் தலைக்கு மேல் தொங்க விட்டு, குழாய் ஸ்பீக்கரில் முழு வால்யூம் வைப்பார்கள். அந்தக் குழாய்க்குக் கீழே நின்று ஒருவர் போனில் எடுப்பார். ஓசை அளவுக்கு மீறி வந்தால் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் அலையின் உச்சியை வெட்டிவிடும். கிளிப்பிங் என்று ஆசிலாஸ்கோப்பில் பார்த்திருக்கிறோம், மலை மொட்டையாகி மேடையாகிவிடும். பாட்டு கரகரவென்று ஆவது அதனால்தான். வெட்டுப்பட்ட உச்சியைப் பிறகு எந்த சாப்ட்வேரும் சரியாகத் திருப்பித் தராது.

எங்கள் தாத்தா கூத்தில் வேஷம் கட்டியவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். யாரோ ஒருவர் டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து கொடுத்த ஒரே ஒரு 90 நிமிடக் காசெட் வீட்டில் இருந்தது. கடல் காற்றில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக் கிடந்தது. 60 நிமிடக் காசெட்டை விட 90 நிமிடக் காசெட்டில் நாடா மெல்லிசு, இழுத்தால் அறுந்துவிடும். கையாலேயே ஒரு நாள் முழுக்கச் சுற்றி எடுத்தேன். வேறொரு கூட்டில் மாற்றி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நிமிஷத்துக்கு ஒரு தடவை துடைத்து, நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். மிஞ்சியது பதினோரு நிமிடம். அதில் தாத்தா பாடுவது நான்கு நிமிடம். மீதி ஹார்மோனியமும், நாய் குரைப்பதும், "மல்லாட்ட, மல்லாட்ட" என்று வேர்க்கடலை விற்பவர் குரலும். ஆயாவிடம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "குரல் அவர்துதான். ஆனா இது நாலுல ஒரு பங்குகூட இல்லடா" என்றார்கள். அப்புறம் மறுபடி போடச் சொன்னார்கள்.

கரூசோவுக்கு 1902-ல் கிடைத்த கூம்பு அளவுகூட நல்ல பதிவு எங்கள் தாத்தாவுக்குத் தொண்ணூறுகளில் கிடைக்கவில்லை. இப்போது நம் கையில் இருப்பது அந்தக் கூம்பை விட ஆயிரம் மடங்கு நல்ல கருவி. பெரிய செலவு ஒன்றும் இல்லை. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கக் கூடாது. ஒரு போன் படத்துக்கு, இன்னொரு போன் ஓசைக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஓசைப் போனை மேடைக்கு முன்னால், ஹார்மோனியத்தை விட்டு எட்டடி தள்ளி, தரையில் இல்லாமல் ஒரு கம்பில் கட்டி, லெவலைக் குறைத்து வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்டினால் போதும், பிறகு அந்தத் தட்டல் ஓசையை வைத்துப் படத்தையும் ஓசையையும் ஒன்றாகப் பொருத்திவிடலாம். கூத்துக்காரரிடம் முதலிலேயே அனுமதி கேட்டு, முடிந்ததும் அவருக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும். இதை மட்டும் மறக்கக் கூடாது.

வருகிற சித்திரையில் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பத்து நாள் கூத்து. வாத்தியாரிடம் பேசிவிட்டோம், சரி என்றிருக்கிறார். "கர்ண மோட்சம்" எட்டாம் நாள் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் மூன்று பேர் போகிறோம். ட்ரைபாட் ஒன்றும், விடிய விடிய தாங்கும் பவர் பேங்க் இரண்டும் இன்னும் வேண்டும். வைத்திருப்பவர்கள் இ.சி.இ. இரண்டாம் ஆண்டு, கடைசி பெஞ்சில் வந்து சொல்லலாம். வருகிறவர்களுக்கு ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்.